பெரியவர்களோடு பேச்சு ஏன் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது?

“எப்ப வந்தே?”
“இப்பதான் பாட்டி.”
“சாப்பிட்டியா?”
“ம், சாப்பிட்டேன்.”
“வேலையெல்லாம் எப்படிப் போகுது?”
“போகுது பாட்டி.”

அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. பேரனின் கை போனைத் தேடுகிறது. பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் இல்லாமலா? நிறையவே இருக்கிறது. ஆனாலும் பேச்சு நகரவில்லை.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பேசப் பிடிப்பதில்லை” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். அது தப்பான கணிப்பு. பேச்சு நின்றுபோவதற்கான காரணங்களில் பல மிகச் சாதாரணமானவை: காது, நேரம், கேள்வி கேட்கும் விதம், முதுமையைப் பற்றி மனதில் முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கும் படம். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிட முடியும். கடினமானது படம்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

“பாவம், நல்லவர்” என்ற படம்

வயதை வைத்து ஒருவரை எடைபோடுவதற்கு ‘ஏஜிசம்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், ஆண்டு 1969. தமிழில் வயதுப் பாகுபாடு எனலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்கள்மீது இந்தப் பாகுபாடான மனப்பான்மை இருப்பதாகக் கணக்கிட்டது.

பாகுபாடு என்றதும் வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சூசன் ஃபிஸ்க், ஏமி கடி முதலிய உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எந்த ஒரு கூட்டத்தாரையும் மக்கள் இரண்டு கேள்விகளால் அளக்கிறார்கள் என்று காட்டினார்கள். இவர் நல்லவரா? இவருக்குத் திறமை இருக்கிறதா? முதியவர்களுக்கு முதல் கேள்வியில் நிறைய மதிப்பெண், இரண்டாவதில் குறைவு. இந்த இரண்டும் சேரும்போது பிறக்கிற உணர்ச்சி இரக்கம்.

இரக்கம் நல்லதுதானே என்று தோன்றும். பேச்சுக்கு அது நல்லதல்ல. யார்மீது இரக்கப்படுகிறோமோ அவரிடம் யோசனை கேட்க மாட்டோம், வாதம் செய்ய மாட்டோம், நம் குழப்பத்தைச் சொல்ல மாட்டோம். நலம் மட்டும் விசாரிப்போம். மேலே உள்ள உரையாடலை இன்னொரு முறை பாருங்கள்: பேரன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாட்டியிடம் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்று அவன் மனதில் இருக்கும் படம் அவனுக்குச் சொல்லவில்லை.

மரியாதை அதிகமான இடங்களில் பேச்சு நன்றாக ஓடும் என்பது பொதுவான நம்பிக்கை. பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள பல நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம், பெரியவர்களோடு பேசும் அனுபவம் எப்படி இருக்கிறது என்று கேட்ட ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. பெரியோரை மதிக்கும் மரபுக்குப் பேர்போன கிழக்காசிய மாணவர்கள் அந்தப் பேச்சை இனிமையாகச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. மேற்கத்திய மாணவர்களே ஒப்பீட்டளவில் நல்லவிதமாகச் சொன்னார்கள். இதைத் தொடர்ந்த ஆய்வுகளில், பெரியவர்களிடம் பேசும்போது மரியாதையும் ஒதுங்கிப்போகும் போக்கும் சேர்ந்தே கூடுவது தெரியவந்தது. வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது, ‘சரிங்க’ என்பதோடு நிறுத்துவது, சீக்கிரம் நழுவுவது எல்லாமே மரியாதையின் பெயரால் நடக்கக்கூடியவை. அதனால் இளையவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கற்றுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனை பலன் தராது. அவர்களுக்கு இல்லாதது மரியாதை அல்ல, பழக்கம்.

சுழல் எப்படிச் சுற்றுகிறது

பெரியவர்களோடு பேச்சு எப்படிச் சுருங்கிப்போகிறது என்பதை விளக்க, எல்லன் ரையன், ஹோவர்ட் கைல்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 1986இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். இந்தத் துறையில் இன்றுவரை அடிப்படையாகக் கொள்ளப்படுவது அதுதான். நரைத்த முடி, தளர்ந்த நடை, நடுங்கும் குரல் ஆகிய அடையாளங்களைப் பார்க்கிறோம். உடனே மனதில் இருக்கும் படம் விழித்துக்கொள்கிறது: இவருக்குக் காது கேட்காது, புரியாது, மறந்துவிடுவார். அந்தப் படத்துக்கு ஏற்றபடி பேச்சை மாற்றுகிறோம். சத்தம் கூடுகிறது, சொற்கள் குறைகின்றன, விஷயம் மெலிகிறது. எதிரில் இருப்பவருக்குச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போகிறது, அவரும் சுருங்கிப் பதில் சொல்கிறார். அந்தச் சுருங்கிய பதிலைக் கேட்டதும் நம் படம் சரிதான் என்று உறுதிப்படுகிறது. அடுத்த முறை இன்னும் குறைவாகப் பேசுகிறோம்.

இந்தச் சுழலில் கவனிக்க வேண்டியது, எதிரில் இருப்பவரின் உண்மையான திறன் எந்த இடத்திலும் சோதிக்கப்படவில்லை என்பதுதான். ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளரும் ஒன்றுதான், மறதி நோய் முற்றியவரும் ஒன்றுதான். பார்த்தது நரையை மட்டும்.

மாற்றிப் பேசுவதே தவறு என்று கைல்ஸ் சொல்லவில்லை. எதிராளிக்கு ஏற்பப் பேச்சைச் சற்று வளைத்துக்கொள்வது எல்லா உரையாடலிலும் நடக்கிறது. தேவைக்குமேல் வளைத்தாலும் கெடும், வளைக்கவே மறுத்தாலும் கெடும். இளையவர்கள் பெரும்பாலும் முதல் தவறைச் செய்கிறார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை: கேட்பவருக்கு விருப்பமா என்று பாராமல் பேசிக்கொண்டே போவது, இடையில் விடாமல் அறிவுரை சொல்வது.

காது: கத்தினால் ஏன் புரிவதில்லை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 25 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. வயதினால் வரும் இந்தக் குறைபாடு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் மங்கச் செய்வதில்லை. முதலில் போவது கூர்மையான, உயர் அதிர்வெண் ஒலிகள்.

பேச்சில் உயிரொலிகளான அ, ஆ, ஓ போன்றவை தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக இருப்பவை. ஸ், ஷ், ச் போன்ற உரசொலிகளின் வலு பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது; த், ட், க், ப் ஒலிகளோ மிகக் குறுகிய நேரமே வந்து போகின்றன. பட்டு, தட்டு, கட்டு என்ற மூன்று சொற்களையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு முதல் மெய்யில் மட்டும்தான். அந்த மெய் காதில் விழாதவருக்கு மூன்றும் “…அட்டு” என்றே கேட்கும். நீங்கள் ஏதோ பேசுகிறீர்கள் என்பது நன்றாகத் தெரிகிறது, என்ன என்பதுதான் தெரியவில்லை. “எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது, நீதான் வாய்க்குள்ளேயே பேசறே” என்று பெரியவர்கள் சொல்வது வீம்பு அல்ல. அவர்களுக்குக் கேட்பது அப்படித்தான்.

இப்போது கத்துகிறோம். கத்தும்போது பெரிதாவது உயிரொலிதான், மெய்யொலி அதே அளவுக்குப் பெரிதாவதில்லை. போதாக்குறைக்கு, உட்காதின் உணர்செல்கள் பழுதானவர்களுக்குச் சின்னச் சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் சட்டென்று தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகத் தெரியும். “என்ன?” என்று கேட்டவரே அடுத்த நொடியில் “ஏன் கத்தறே?” என்று கோபித்துக்கொள்வதன் காரணம் இது. கேட்கிறவருக்கு அது அவமானமாகவும் படுகிறது, ஏனென்றால் கத்தும் முகமும் கோபப்படும் முகமும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. முதலில் டிவியை அணைத்துவிடுங்கள். ஒலியைக் குறைப்பது போதாது. ஒரு மீட்டர் தூரத்தில், அவருடைய கண்மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேச வேண்டாம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. காது மங்கியவர்கள் தங்களுக்கே தெரியாமல் உதட்டைப் படிக்கிறார்கள். விஷயத்தைத் தொடங்குமுன் ‘தாத்தா’ என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வதைவிட வேறு சொல்லில் சொல்வது நல்லது. “தட்டு எங்கே?” புரியாவிட்டால், “சாப்பிடறதுக்குத் தட்டு வேணும், எங்க வெச்சிருக்கீங்க?” என்றால் சுற்றியுள்ள சொற்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொடுத்துவிடும்.

காது மங்கியவருக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊகித்து நிரப்புவது களைப்பான வேலை. சிலர் மூச்சுவிடாமல் தாங்களே பேசிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தாம் பேசிக்கொண்டிருக்கும் வரை காதால் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லையே.

செல்லம் கொஞ்சும் குரல்

“மாத்திரை போட்டுக்கலாமா நாம? அப்படித்தான், சமத்து!” எழுபத்தெட்டு வயதுக்காரரிடம் இப்படிப் பேசுவதை எத்தனையோ இடங்களில் கேட்கலாம். குரல் உயர்கிறது, ராகம் போடுகிறது, ‘நீங்கள்’ என்பது ‘நாம்’ ஆகிவிடுகிறது. ஆய்வாளர்கள் இதை ‘எல்டர்ஸ்பீக்’ என்கிறார்கள். முதியோர் இல்லங்களில் பணியாளர்கள் பேசியதை லின்டா கேப்பொரேல் பதிவுசெய்து 1981இல் ஆய்வை வெளியிட்டார். சொற்கள் புரியாதபடி வடிகட்டி, குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டுவைத்துக் கேட்கவைத்தபோது, குழந்தையிடம் பேசியது எது, முதியவரிடம் பேசியது எது என்று கேட்டவர்களால் பிரிக்க முடியவில்லை.

பேசுகிறவர் அன்பாகத்தான் பேசுகிறார். ஆனால் வாழ்நாள் முழுதும் முடிவெடுத்துப் பழகிய ஒருவருக்கு அது எப்படிக் கேட்கும்? மறதி நோய் உள்ளவர்களிடமும் இது எடுபடுவதில்லை. கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பணியாளர் இயல்பாகப் பேசியபோது இருந்ததைவிடச் செல்லக்குரலில் பேசியபோது, அந்த முதியவர்கள் குளிக்கவும் உடைமாற்றவும் மறுத்து முரண்டுபிடிப்பது கூடியது.

அப்படியென்றால் பேச்சை எளிமையாக்கவே கூடாதா? ஆக்கலாம், எதை எளிமையாக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆய்வாளர் சூசன் கெம்பர் 1999இல் இதைப் பகுதி பகுதியாகச் சோதித்தார். குரலை உயர்த்தி ராகம் போடுவதும், இழுத்து இழுத்துப் பேசுவதும், இரண்டு மூன்று சொற்களில் வாக்கியத்தை நறுக்குவதும் பயன்படவில்லை. பயன்பட்டவை இரண்டு: விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது, வாக்கியத்துக்குள் வாக்கியத்தைச் செருகாமல் இருப்பது.

தமிழில் இரண்டாவது விஷயம் ரொம்ப முக்கியம். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, அதற்குமுன் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். “நேத்து டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய வாங்கறதுக்காக நான் போன அந்தக் கடை மூடியிருந்துச்சு.” கடைசிச் சொல் வரும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் மனதில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். இதையே உடைத்துச் சொல்லலாம்: “நேத்து டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரில்லையா? அதை வாங்கப் போனேன். கடை மூடியிருந்துச்சு.” செய்தி ஒன்றுகூடக் குறையவில்லை, குரலும் இயல்பாகவே இருக்கிறது.

ஐந்து எண்ணுங்கள்

ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததும் அடுத்தவர் பதில் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, சராசரியாக 0.2 நொடி. கண் இமைக்கும் நேரம். இந்தத் தாளம் நமக்குள் ஊறிப்போயிருப்பதால், ஒரு நொடி தாமதமானாலே ‘இவருக்குப் பிடிக்கவில்லை’ அல்லது ‘புரியவில்லை’ என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

வயதாகும்போது மூளை செய்தியைக் கையாளும் வேகம் குறைகிறது. அறிவு அப்படிக் குறைவதில்லை. சொல்வளமும் உலக அறிவும் அறுபதுகளைத் தாண்டியும் நன்றாகவே நிலைக்கின்றன. புதிதாக ஒன்றைச் சட்டென்று கணக்கிடுவதுதான் மெதுவாகிறது. சொல் ‘நாக்கு நுனியில்’ நின்றுவிடுவதும் அதிகமாகிறது, அதிலும் மனிதர்களின் பெயர்கள். அந்த நேரத்தில் இளையவர் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவினால் பதில் பாதி வழியில் அறுந்துபோகும். இரண்டு கேள்வி ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததில் எதற்குப் பதில் சொல்வது என்று பெரியவர் திணறுவார். அந்தத் திணறலை நாம் மறதி என்று வாசிப்போம்.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். முதல் சில தடவை அது மிக நீளமாகத் தோன்றும். முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ண வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. பெயர் வராமல் தவிக்கிறாரா? உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். “அவர் உங்ககூட வேலை பார்த்தவரா?” என்று பக்கத்துத் தகவல் ஒன்றைக் கேட்டால் பெயர் பல நேரம் தானாக வந்துவிடும். வராவிட்டாலும் பேச்சு நிற்காது.

நோயும் துக்கமும் வரும்போது

இளையவர்கள் ஓடி ஒளிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முழங்கால் வலியில் ஆரம்பித்து இறந்துபோன தங்கை வரை ஒரே மூச்சில் வருகிறது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. “ஐயோ” என்கிறோம், “எல்லாம் சரியாயிடும்” என்கிறோம், அல்லது பேச்சை மாற்றுகிறோம்.

வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1980களில் ஜஸ்டின் கூப்லண்ட், நிக்கலஸ் கூப்லண்ட் இருவரும் ஹோவர்ட் கைல்ஸோடு சேர்ந்து, முன்பின் அறிமுகமில்லாத வயதான பெண்களையும் இளைய பெண்களையும் இணைஇணையாகப் பேசவைத்துப் பதிவுசெய்தார்கள். வயதானவர்கள் நோய், இழப்பு, தனிமை பற்றி நிறையப் பேசினார்கள். ஆனால் அந்தப் பேச்சில் கணிசமான பகுதியைத் தொடங்கிவைத்ததே இளையவர்கள் கேட்ட கேள்விகள்தான். நாம்தான் “உடம்பு எப்படி இருக்கு?” என்று ஆரம்பிக்கிறோம். உடம்பைப் பற்றிக் கேட்டால் உடம்பைப் பற்றித்தான் பதில் வரும்.

வலியைச் சொல்கிறவர் பெரும்பாலும் தீர்வு கேட்கவில்லை. மூன்று விதமான பதில்கள் பேச்சைக் கொன்றுவிடும்: உடனே வைத்தியம் சொல்வது, “வயசானா அப்படித்தான்” என்பது, “எனக்கும் முதுகு வலிக்குது” என்று நம் கதைக்குத் தாவுவது. இவற்றுக்குப் பதிலாக, அந்த வலி அவருடைய நாளை எப்படி மாற்றியிருக்கிறது என்று கேளுங்கள். “அப்படின்னா காலையில தோட்டத்துக்குப் போறது நின்னுபோச்சா?” என்ற ஒரு கேள்வி, வலியை அங்கீகரிக்கவும் செய்கிறது, தோட்டத்தின் பக்கம் கதவைத் திறக்கவும் செய்கிறது. இறந்தவரைப் பற்றிப் பேசினால் அவருடைய பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். “அவங்க எப்படிப்பட்டவங்க?” என்று கேட்பது துக்கத்தைக் கிளறிவிடும் என்று பயப்பட வேண்டாம், பேச்சை எடுத்தவரே அவர்தான். கண் கலங்கினால் அமைதியாக உடன் இருந்தால் போதும்.

கேட்ட கதையையே மறுபடி சொன்னால்

“இதை ஏற்கெனவே சொல்லிட்டீங்க தாத்தா.” இது உண்மைதான், ஆனாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரே கதை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? யாரிடம் எதைச் சொன்னோம் என்ற நினைவு மங்குவது ஒரு காரணம். இன்னொன்று, வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால் சுமார் 10 முதல் 30 வயதுவரை நடந்தவை அளவுக்கு அதிகமாக வருவது. முதல் வேலை, முதல் பிரிவு, முதல் வீடு எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பழையதைப் பேசுவது மூளை தளர்வதன் அடையாளம் என்று மருத்துவ உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1963இல், அதே ராபர்ட் பட்லர் ஒரு கட்டுரை எழுதினார். வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் மனிதர் தம் வாழ்வை எடுத்துப் புரட்டிப் பார்ப்பது இயல்பு, அது அவசியமான வேலை என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வாழ்க்கை மீள்பார்வை’. ஒரு கதை திரும்பத் திரும்ப வந்தால், அதில் அவருக்குத் தீராத ஏதோ ஒன்று இருக்கக்கூடும்.

சுற்றி வளைத்துப் பேசுவதைப் பற்றியும் ஒரு தகவல். 1998இல் வெளிவந்த ஒரு ஆய்வில், படத்தைப் பார்த்து விவரிக்கச் சொன்னபோது முதியவர்கள் இளையவர்களைவிட அதிகம் விலகிப் போகவில்லை. சொந்தக் கதை சொல்லும்போதுதான் விலகினார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு மதிப்பிட்டவர்களோ, முதியவர்களின் கதைகளையே சிறந்தவை என்றார்கள்.

அதனால், தெரிந்த கதையைத் தடுக்காதீர்கள். அதில் தெரியாத அறைக்குள் நுழையுங்கள். எடுத்துக்காட்டாக, பதினேழு வயதில் அச்சகத்தில் சேர்ந்த கதையைத் தாத்தா பத்தாவது முறையாகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“…சம்பளம் கம்மிதான், ஆனா தொழில் கத்துக்கிட்டேன்.”
“தாத்தா, ஈய எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரித் திரும்பித்தானே இருக்கும்? எப்படிப் படிப்பீங்க?”
“முதல்ல கஷ்டம். அப்புறம் கை பழகிடும். எந்த எழுத்து எந்தக் கட்டத்துல இருக்கும்னு பார்க்காமலே எடுப்போம்.”
“தப்பா எடுத்துட்டா?”
“புரூஃப்ல மாட்டிக்கும். ஒருதடவை ஒரு கல்யாணப் பத்திரிகையில…”

இது பத்து முறையும் வராத பகுதி. கேள்விகளைக் கவனியுங்கள். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், “அதெல்லாம் நல்ல காலம்” என்ற தயாரான பதில்தான் வரும். கை என்ன செய்தது, தப்பு எப்படித் தெரிந்தது, யார் திட்டினார்கள், அந்த அறையில் என்ன வாசனை என்று கேட்டால் நினைவு உடம்போடு எழுந்து வரும். இரண்டாவது கேள்வி முதல் பதிலிலிருந்து பிறந்திருக்கிறது. கையில் கேள்விப் பட்டியல் வைத்துக்கொண்டு பேட்டி எடுப்பதைவிட இந்தத் தொடர் கேள்விதான் முக்கியம், கேட்கிறோம் என்பதற்கான சாட்சி அது. ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைக் குறையுங்கள். “ஏன் அப்படிச் செஞ்சீங்க?” என்பது விசாரணைபோல ஒலிக்கும், “அப்ப என்ன யோசிச்சீங்க?” என்றால் ஒலிக்காது.

அறிவுரை மழை

இளையவர்கள் பெரியவர்களைத் தவிர்க்கச் சொல்லும் காரணங்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. நீங்கள் சிக்கலைச் சொன்னதும் தீர்வு வருகிறது, அதுவும் அவர் காலத்துத் தீர்வு. இதற்கு ஒரு வழி இருக்கிறது: என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது. “பாட்டி, இதுக்கு வழி சொல்ல வேண்டாம், சும்மா கேளுங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அல்லது உண்மையிலேயே யோசனை தேவைப்படும் ஒன்றைக் கேளுங்கள்: மனக்கசப்போடு போன நண்பனிடம் மறுபடி எப்படிப் பேச்சைத் தொடங்குவது, கடன் கேட்கும் உறவினரிடம் எப்படி மறுப்பது. கேட்காமல் கொட்டப்படும் அறிவுரை பெரும்பாலும், கேட்க ஆளில்லாமல் தேங்கிக் கிடந்ததுதான்.

பெரியவர்களுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. “எனக்கு இந்தக் காது மந்தம், அந்தப் பக்கம் உட்காரு” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இளையவரின் பாதித் தயக்கம் போய்விடும். பேரப்பிள்ளையிடம் மதிப்பெண்ணையும் கல்யாணத்தையும் தவிர வேறு ஒன்றைக் கேட்பதும் அப்படியே.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலை

எதிரெதிரே உட்கார்ந்து ‘பேசலாம்’ என்று தொடங்குவது மிகக் கடினமான வடிவம். கைக்கு ஒரு வேலை இருந்தால் மௌனம் உறுத்தாது. பழைய புகைப்படங்களை அடுக்குவது, காய் நறுக்குவது, கிழிந்ததைத் தைப்பது, போனில் புதிய வசதி ஒன்றைச் சேர்ந்து பழகுவது என்று எதுவாகவும் இருக்கலாம்.

இரு கூட்டத்தாரிடையே பாகுபாடு குறைய எப்படிப்பட்ட பழக்கம் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன நிபந்தனைகள் இங்கும் பொருந்துகின்றன. இரு கூட்டத்தாரைச் சும்மா ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டால் மனப்படம் மாறாது. சம நிலை, பொதுவான நோக்கம், ஒத்துழைப்பு, சுற்றியுள்ளோரின் ஆதரவு ஆகியவை வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போய்ப் பாட்டுப் பாடவைத்துப் பொருள் கொடுத்துத் திரும்பும் நிகழ்ச்சிகள் இதனால்தான் ஏமாற்றம் தருகின்றன. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர் என்ற அமைப்பு ‘பாவம்’ என்ற அதே படத்தைத்தான் கெட்டிப்படுத்தும். நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் உள்ள ஹுமானிடாஸ் முதியோர் இல்லம் வேறு வழியில் போனது. கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்தது. பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் அவர்கள் ‘நல்ல அண்டைவீட்டுக்காரராக’ இருக்க வேண்டும். சேர்ந்து சாப்பிடுவது, கணினி சொல்லிக்கொடுப்பது, சும்மா அரட்டை அடிப்பது எல்லாம் கணக்கில் சேரும். ஒரே கூரைக்கீழ் தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் ‘முதியவர்’, ‘இளைஞர்’ என்று மட்டும் நீடிக்க முடியாது.

வீட்டில் இதைச் சின்ன அளவில் செய்யலாம். மாதம் ஒருமுறை மூன்று மணி நேரத்தைவிட வாரம் இருமுறை இருபது நிமிடம் நல்லது. நேற்றைய பேச்சின் மிச்சம் இன்றைக்குத் தொடக்கமாகும், நலம் விசாரிப்போடு ஒவ்வொரு முறையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. காலை வேளையில் பலருக்குக் களைப்பு குறைவு, அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மறதி நோய் உள்ளவரிடம் மட்டும் ஒரு விஷயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். “நான் யாருன்னு ஞாபகம் இருக்கா?” என்று சோதிக்காதீர்கள், அது தேர்வு எழுதவைப்பதுபோல. “பாட்டி, நான் உங்க பேத்தி வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தேதி, ஆண்டு தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம், அவர் இருக்கும் காலத்திலேயே பேசுங்கள்.

போனில் பேசும்போது

தொலைவில் இருப்பவர்களுக்குப் போன்தான் வழி, ஆனால் காது மங்கியவருக்கு அது மிகக் கொடிய கருவி. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஏற்கெனவே கேட்கச் சிரமப்படும் உரசொலிகளில் பெரும்பகுதி அங்கேயே வெட்டுப்பட்டுவிடுகிறது. உதடும் தெரியாது. பாட்டி போனில் “சரி, சரி, வெச்சிடட்டுமா?” என்று அவசரப்படுவது உங்களிடம் பேசப் பிடிக்காததால் என்று எண்ணிவிடாதீர்கள், ஒன்றும் கேட்கவில்லை என்பதை மறைக்கும் வழி அது. வீடியோ அழைப்பில் உதடு தெரியும், இணைய அழைப்புகளில் ஒலியும் பெரும்பாலும் அகலமாக இருக்கும். கேமரா முகத்துக்கு நேராக இருக்கட்டும், விளக்கு உங்களுக்கு முன்னால் இருக்கட்டும், நடந்துகொண்டே பேச வேண்டாம். “இப்ப பத்து நிமிஷம் இருக்கு பாட்டி” என்று தொடக்கத்திலேயே நேரத்தைச் சொல்லிவிட்டால், முக்கியமானதை அவர் கடைசி நிமிடத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டார்.

முடிக்கும்போது “அப்புறம் பேசறேன்” என்று விடாதீர்கள். அப்புறம் என்பது நாளையா, அடுத்த மாதமா என்று அவருக்குத் தெரியாது. “ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடறேன், அந்தக் கல்யாணப் பத்திரிகையில என்ன தப்பு வந்துச்சுன்னு தாத்தாகிட்ட கேக்கணும்” என்று நாளையும் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது, பதில் அங்கே தயாராக இருக்கும்.